அடுத்த மூட்டை ஏறுவதற்குள்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேறு உன்னத நோக்கம் எதுவும் இல்லை. "தப்பு எங்களோடதுதான், ஆனா டைம் போச்சு லா" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லும் காட்சி மனத்தில் வந்தது. அவனை எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'மலேசியாவின் கேமரன் மலைப் பனியில், தேயிலைச் சரிவில், ஏழைச் சிறுமி வசுமதி மான்குட்டிபோல் தாவித் தாவி…'

(அடித்துவிட்டேன். உங்களுக்கு இதுதான் பிடிக்கும், தெரியும். தேயிலைச் சரிவில் கரணம் போட்டால் இடுப்பு முறியும். அவள் பழகியது பள்ளி மண்டபத்தில், முறையான சமநிலைக் கட்டையில். மெத்தையில் மட்டும் எலி ஓட்டை.)

2

திருமாறன் அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். வசுமதியின் அம்மா ரஞ்சிதம் அதே லயத்தில் இன்னும் இருக்கிறாள், இன்னும் கொழுந்து வெட்டுகிறாள். மலையருவிக் கிண்ணம்* ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் முதல் மூவருக்குள் வந்தால் பட்டணத்தில் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி. பதக்கம் என்பது அவர்களுக்கு அதுதான்.

*பெயர் நான் வைத்தது. அருவி கிடையாது, வரவேற்புரை மட்டும் கொட்டும்.

வசுமதி கட்டைமேல் கையூன்றாமல் பக்கவாட்டுக் கரணம் போட்டு, அசையாமல் நின்றாள். அந்த நொடியில் ஒரு நடுவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தின்ற கறிபாப் பலகாரத்தின் துணுக்கை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். கை ஊன்றியதாகப் புள்ளி விழுந்தது. கடைசியில் அது மயிரிழையில் நான்காமிடமாக முடிந்தது.

அடுத்த பிள்ளையின் புள்ளி திரையில் வருவதற்குள் பயிற்றுநர் கையை உயர்த்தி ஆட்சேபிக்க வேண்டும். அதுதான் விதி.

"சார், நான் கை வைக்கவே இல்ல சார்! போய்ச் சொல்லுங்க!"

"இரும்மா. மொதல்ல அவங்க எல்லாரையும் முடிக்கட்டும்."

3

திருமாறனுக்கு விதி தெரியாது என்று முதலில் எழுதினேன். பொய். விதியைக் கரைத்துக் குடித்தவன். பிறகு, பயந்துவிட்டான் என்று எழுதினேன். அதுவும் சரியாக உட்காரவில்லை.

அவன் நின்ற விதத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கைகளைப் பின்னால் கட்டி, சுவரோரம், தலையைச் சற்றுச் சாய்த்து. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவன் அம்மா நின்ற நிற்பு அது. நிறுவை நடக்கும்போது நடுவில் வாய் திறந்தவளின் மூட்டையைக் கங்காணி காலால் தள்ளிக் கடைசிக்கு அனுப்புவான். அதனால் கேட்க வேண்டியதைக் கடைசி மூட்டை இறங்கியபின் கேட்பார்கள். அதை மரியாதை என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்கும் ஊட்டினார்கள். படித்து, விசில் மாட்டிய பிறகும் அது அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

எல்லாரும் முடிந்தபின், மரியாதையாகப் போனான். போட்டிச் செயலாளர் குகனேஸ்வரன் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்.

"ஆமா லா சார், கை வைக்கல. தப்பு எங்களோடதுதான்."

"அப்ப மாத்துங்க சார்."

"எப்படி மாத்துறது? டைம் போச்சு லா. அடுத்த பிள்ளை மார்க் வந்திருச்சு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" சிரித்தார். "பாப்பா நல்லா செஞ்சிச்சு. கேக் இருக்கு, சாப்பிட்டுப் போங்க."

4

திரும்பும் வேனில், போட்டி பார்க்க வந்திருந்த ரஞ்சிதம் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மாறா, அங்கேயே கேட்டா ஒன் வாய் வெந்தா போயிரும்?"

"எல்லாரும் முடியட்டும்னு நின்னேன்க்கா."

"நீயெல்லாம் சாரு! கொழுந்து நிறுக்குற எடத்துல நிக்கிற மாரி நின்னிருக்க."

வசுமதி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5

முடிவுகள். (அ) குழு மனம் வருந்தி இரண்டாவது வெண்கலம் தருகிறது, எல்லாரும் அழுகிறார்கள். அந்த அழுகை வேண்டுமென்றால் தொலைக்காட்சியைப் போடுங்கள். (ஆ) வசுமதி வளர்ந்து உலகப் பதக்கம்…

வேண்டாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:

பள்ளி விடுமுறை. வேறொரு போட்டி பற்றிச் சொல்லத் திருமாறன் தோட்டத்துக்கு வருகிறான். நிறுவை நேரம். தராசில் ரஞ்சிதத்தின் மூட்டை. காலையிலிருந்து ஒரு துளி மழை இல்லை. எடை எழுதும் கிராணி கொழுந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஈரம்" என்று எடையைக் குறைத்துச் சொல்கிறான்.

"ம்மா, இப்பவே கேளு," என்கிறாள் வசுமதி.

ரஞ்சிதத்தின் கைகள் தாமாகப் பின்னால் போகின்றன. "இருடி. அவங்க எல்லாரையும் முடிக்கட்டும்."

திருமாறன் அவளைப் பார்க்கிறான். அவளும் அவனைப் பார்த்துவிடுகிறாள். அவள் முகம் சிவக்கிறது. வாய் திற…

இதற்குமேல் எழுத மாட்டேன். நான் எழுதினால் அவள் பேசிவிடுவாள். நீங்களும் கை தட்டிவிட்டு எழுந்து போவீர்கள். பின்னால் நிற்கும் நேப்பாளித் தொழிலாளி தன் மூட்டையைத் தோளுக்கு ஏற்றிவிட்டான். அது தராசில் விழுவதற்குள், அவள் கேட்க வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள்.