மணி அடித்த பிறகும் எழாதவர்

புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குத் தன் மோகிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் கடையைச் சாத்திவிட்டு, சகாய்ங் குன்றிலிருந்த தியான மடத்துக்கு வந்தாள் மா யின் ஷ்வே. மீன் குழம்புப் பானைக்குப் பின்னால் விடியற்காலையிலிருந்து நின்றே பழகிய கால்கள் அவளுடையவை. ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னதும் முரண்டு பிடித்தன. முதலில் கணுக்கால் வலித்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. மணி அடித்து எழுந்தபோது வலது கால் மடங்கி, முன்னால் இருந்த பெண்ணின் மேல் போய் விழுந்தாள்.

பக்கத்து இடம் டோ ஓன் சின்னுடையது. எண்ணெய் ஆலை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரும் கலைந்த பிறகும் அவர் மட்டும் கண்ணை மூடி அசையாமல் இருப்பார். கடந்து போகும் பெண்கள் அடிமேல் அடி வைத்து நடப்பார்கள். சிலர் அவரைக் கைகூப்பி வணங்கிவிட்டுப் போவார்கள்.

இவர் கால் மட்டும் எப்படி மரத்துப்போகாமல் இருக்கிறது? மூச்சைக் கவனிக்க வேண்டியவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரும் மெத்தையில்தான் ஏதோ விசேஷம் என்று நினைத்து, சாப்பாட்டு நேரத்தில் இருவர் மெத்தையையும் மாற்றிப் போட்டாள். அன்று மதியம் கால் வழக்கத்தைவிடச் சீக்கிரமே மரத்தது.

மறுநாள் மணி அடித்ததும் அவளும் எழாமல் அரைக்கண்ணால் பார்த்தாள். டோ ஓன் சின்னின் லுங்கி விளிம்புக்கு வெளியே கால் விரல்கள் மெல்ல விரிந்து சுருங்கின. ஒரு கை கீழே இறங்கிக் கெண்டைக்காலைப் பிசைந்தது.

மடத்தில் பேசக்கூடாது. ஆனாலும் துணி துவைக்கும் தொட்டியருகே அவளால் அடக்க முடியவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் கால் மரத்துப்போகுதா?"

டோ ஓன் சின் சுற்றுமுற்றும் பார்த்தார். "கட்டையா போயிடுது. எழுந்தா உன்னாட்டம் யார் மேலயாவது விழணும். அதான் உசிரு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

"அப்ப அவங்க கும்பிடறது?"

"மொதல்லயே சொல்லியிருக்கணும். நல்லாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன்."

ஈரத் துண்டில் வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தார்கள்.

அதன்பின் சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். ஒரு காலை மற்றதன் மேல் ஏற்றாமல் முன்னும் பின்னுமாகத் தரையில் வைத்தார்கள். போர்வையை மடித்து இடுப்புக்குக் கீழே கொடுத்ததும் முழங்கால்கள் தாமாகத் தாழ்ந்தன. தொடைக்கடியில் சுருண்டிருந்த லுங்கி மடிப்பை இழுத்து விட்டது பெரிய உதவி. கால் அப்போதும் மரத்தது, ஆனால் வெகுநேரம் கழித்து.

இடையில் காலை அசைக்கலாமா என்று, சந்தேகம் கேட்க விடும் நேரத்தில், மா யின் ஷ்வே மடத்துப் பிக்குவிடம் கேட்டாள்.

"அசைக்கணும்னு தோணுதுல்ல, அதை மொதல்ல பாருங்க. அப்புறம் மெதுவா அசைங்க," என்றார் அவர். "அது சரி, மரத்துப்போறது எங்கேருந்து ஆரம்பிக்குது?"

அதைக் கண்டுபிடிக்க, அடுத்த முறை உட்கார்ந்தபோது காத்திருந்தாள். சுண்டு விரலில் ஆரம்பித்தது, எறும்பு ஊர்வதுபோல. பாதத்தின் ஓரமாக ஏறிக் கணுக்காலில் கொஞ்சம் நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. பயமாக இல்லை. பார்க்க நன்றாகக்கூட இருந்தது.

கிளம்பும் நாளில், பேச அனுமதி கிடைத்ததும், டோ ஓன் சின் தாமாகவே எல்லாப் பெண்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். தினமும் வணங்கிய ஒருத்திக்கு முகம் சுருங்கிப்போனது.

"அப்ப நான் கும்பிட்டதெல்லாம்?"

"அது உன் புண்ணியம்மா, நீயே வச்சுக்க," என்றார் டோ ஓன் சின். "இப்படி உக்காரு. போர்வையை எப்படி மடிக்கணும்னு காட்டறேன்."