பொம்மையார்பாளையத்தில் இருந்த முகம்

2005 மாசி மாதம் மரக்காணம் உப்பளத்தில் சின்னப்பாப்பா செய்த உப்பு முகம் மூன்றாம் நாள் கண் திறந்தது. அது அவள் புருஷனுடைய முகம் இல்லை என்பதுதான் அவளுக்கு வருத்தம்.

அவள் புருஷன் தட்சணாமூர்த்தி, மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கக் கரைக்குப் போனவன். சைக்கிள் சவுக்குத் தோப்பில் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. போட்டோ என்றாலே ஒதுங்கிக்கொள்ளும் ஆள். ஒரே படமிருந்த வாக்காளர் அட்டையும் சட்டைப்பையோடு போய்விட்டது. நாற்பது நாள் கழிந்தபோது சின்னப்பாப்பாவுக்கு அவன் இருமல் நினைவிருந்தது, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் விதம் நினைவிருந்தது, முகம் மட்டும் நிற்கவில்லை. பத்தொன்பது வருஷம் பார்த்த முகம். இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்போது கடல் கொட்டிவிட்டுப் போன சேற்றைப் பாத்திகளிலிருந்து வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஈர உப்பையும் கருஞ்சேற்றையும் சேர்த்துப் பிசைந்து, நெற்றியிலிருந்து தொடங்கினாள். தலை மறந்ததைக் கை மறந்திருக்காது என்று நினைத்தாள். அதுவரை வாசல் கோலத்தைத் தவிர எதையும் தன் கையால் உருவாக்கியவள் இல்லை.

கண் திறந்த முகத்தைப் பார்த்து, கூட வேலை செய்யும் லூர்துமேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இது எங்க அண்ணன்," என்றாள். பம்பாய்க்குப் போய் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கடிதமும் போடாத அண்ணன். சின்னப்பாப்பா கொடுத்துவிட்டாள். இரண்டாவதை, தன் அத்தா என்று சொல்லி, கூனிமேட்டு ஜவுளி வியாபாரி சேட்டு பாய் துண்டில் ஏந்திக்கொண்டு போனார். ஆடி முடிவதற்குள் முப்பத்தொரு முகங்கள் ஆயின. ஒன்றுகூட தட்சணாமூர்த்தி இல்லை. பதினேழாவதை மிதித்துவிடக் காலைத் தூக்கினாள். அது கண்ணை இறுக மூடிக்கொண்டது. காலை இறக்கி, அதன் மூக்கில் ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டாள்.

முகம் கிடைத்தவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. லூர்துமேரி தன் தாயைச் செய்ய உட்கார்ந்தாள். வந்தது அனுமந்தை மளிகைக்காரரின் தம்பி. சேட்டு தன் கூட்டாளியைச் செய்தார். வந்தது ஒரு போஸ்ட்மாஸ்டரின் மனைவி. தனக்கு வேண்டியவரை யார் கையும் செய்யாது, இன்னொருவருக்கு வேண்டியவரைத்தான் செய்யும் என்பது ஆவணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. பால்வாடிப் பிள்ளைகள் செய்த முகங்களுக்குக் காது கிடையாது, ஆனாலும் கண் திறந்தன. எண்பது வயது முத்தம்மாள் பார்வையில்லாமல் தடவித் தடவிச் செய்தாள், அவளுடையவை சிரித்தன. டிராயிங் மாஸ்டர் பக்தவச்சலம் செய்தது மட்டும், அவர் ஓயாமல் திருத்திக்கொண்டிருந்ததால், கண் திறக்கப் பன்னிரண்டு நாள் பிடித்தது. ஐப்பசியில் பெரிய மழை பிடித்துக்கொண்டது. முகங்கள் கரையவில்லை, நீர் விட்டன. மழைக்காலத்தில் உப்பு நீர் விடும்தான். அதை அழுகை என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

யாரும் வந்து கேட்காத முகம் எங்காவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் சின்னப்பாப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்படி ஒன்பது ஊர். 2006 தை மாதம், பொம்மையார்பாளையத்தில் சிவஞானம் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டு ஜன்னலில் ஒன்று நான்கு மாதமாக இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனாள். முகம் அவளைப் பார்த்ததும், நேரம் கழித்து வீட்டுக்கு வந்தவனைப் போல, கண்ணைத் தாழ்த்திக்கொண்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

சிவஞானம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எடது கண்ணு கொஞ்சம் சின்னதா பூடுச்சும்மா. திருத்தலாம்னு பாத்தேன், மனசு வரல."

"திருத்தாதீங்க. அவருக்கு அது அப்பிடித்தான் இருக்கும்," என்றாள் சின்னப்பாப்பா. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே நினைவு வந்தது.

யாரைச் செய்ய உட்கார்ந்தீர்கள் என்று கேட்டாள். மகள் தெய்வநாயகி என்றார். தொண்ணூற்றொன்றில் கோபித்துக்கொண்டு போனவள்; எங்கே என்று தெரியாது. இதுவரை யார் கையிலும் அவள் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பாப்பா பஸ்ஸில் திரும்பினாள். கடல் தெரியும் இடங்களிலெல்லாம் முந்தானையால் அதன் கண்ணை மறைத்துக்கொண்டாள். வீட்டில் அடுப்புக்கு மேல், ஈரம் ஏறாத பலகையில் வைத்தாள். இரவில் அது இருமவில்லை. அது மட்டும் அவளுக்குக் குறையாகவே இருந்தது.

மாசியில் உப்பு விளையத் தொடங்கியதும் வேலைக்குப் போனாள். மதியம் அவள் மறுபடி உப்பையும் சேற்றையும் பிசைவதை லூர்துமேரி பார்த்தாள்.

"அதான் அவரு கெடச்சிட்டாருல்ல. இன்னும் எதுக்கு?"

"அந்தப் பெரியவருக்கு இன்னும் வரலியே," என்றாள் சின்னப்பாப்பா.

அன்று வந்த முகம் ஓர் ஆணுடையது. மீசையைக் கட்டைவிரலால் ஒழுங்கு செய்து, உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வெயில் படும்படி வைத்துவிட்டு, வேலைக்கு எழுந்து போனாள்.