முதலமடையில் ஏறிய கடல்

1974 சித்திரை பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு முதலமடையில் கடல் ஏறியது. கடற்கரைக்குப் போக அங்கிருந்து அரைநாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். புது பஸ் ஸ்டாண்டு கட்டுவதற்குமுன் அதற்கென ஒதுக்கிய மாந்தோப்பு நிலத்தில் தொல்பொருள்காரர்கள் கயிறு கட்டிக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டடியில் கல்படிகளும் படகு கட்டும் தூண் ஒன்றும் கிடைத்தன. வறண்ட ஊரில் எதற்குப் படகுத்துறை என்று அவர்கள் யோசித்து முடிக்குமுன் அடிப்படியில் தண்ணீர் ஊறி, ஆள் உயரத்துக்கு நின்றது.

மண் சுமந்த குருவம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் புருஷன் ராக்கப்பன் குழிக்குள் இருந்தான். "ஏனுங்க, மேல வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் தலை தண்ணீருக்கு மேல் வரவேயில்லை. வேலையை மேற்பார்வையிட்ட சுவக்கீன் கொச்சிப் பக்கத்துக் கரையில் பிறந்தவர். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "இது கடலாக்கும்," என்றார்.

நாலரைக்குத் தண்ணீர் சொட்டு மிச்சமில்லாமல் வடிந்தது. ராக்கப்பன் அடிப்படியில் உட்கார்ந்திருந்தான். காலையில் சிரைத்த முகத்தில் மார்புவரை தாடி தொங்கியது. என்ன பார்த்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. குருவம்மாள் சோறு போடும்போது மட்டும், "தினம் ஒரு படி மேல வருமாம்," என்றான்.

"ஆரு சொன்னாங்க?"

அவன் தாடியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான். குருவம்மாள் அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் குழியைப் பார்த்தாள்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. ஒருவாரத்தில் மீதி மூன்று படிகள். அதற்கு மேலே முதல் வீடு அவளுடையது. "குழியை மூடிப்போடுங்க சார்," என்று கெஞ்சினாள். மேலிருந்து உத்தரவு வரணும் என்றார் சுவக்கீன். அவள் தோண்டிய மண்ணைத் தானே கூடையில் வாரிக் கொட்டத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் நாற்பது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் சுவக்கீனும் மண்வெட்டியை எடுத்தார்.

மறுநாள் மூடிய மண்ணுக்கு மேலேயே தண்ணீர் முழங்கால் அளவு வந்தது. ஆனால் கயிறு கட்டிய சதுரத்தைவிட்டு ஒரு விரற்கடை நகரவில்லை, அதன்பின் உயரவுமில்லை. ஒரு மாதம் எல்லோரும் எட்டி நின்று பார்த்தார்கள். குருவம்மாள் வாசல் கதவைத் திறக்க மூன்று மாதமாயிற்று.

பஸ் ஸ்டாண்டைப் பத்தடி தள்ளிக் கட்டினார்கள். நேரப்பலகையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் கீழே தண்ணீர் ஏறும் நேரத்தையும் எழுதினார்கள். அது தினமும் ஐம்பது நிமிஷம் பிந்தும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்டுக்குப் பதில் சாக்கட்டி. மாங்காய்க் கூடைக்காரர்கள் அதைப் பார்த்துச் சதுரத்துக்குள் இருக்கும் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்வார்கள்.