சாவிக்காரன்

“அப்பா, இன்னைக்கு நீங்க எந்த அப்பாங்க?”

ஒரு சம்பள நாள் மாலையில், கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பிரியா பாண்டியனிடம் கேட்டது இது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலைப் பொறுத்து அப்பாவை உள்ளே விடுவதா, தம்பியை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவதா என்று அந்தக் குழந்தை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. மறுநாள் முருகன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான் பாண்டியன். அதன்பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. வருஷம் ஒன்றாகப் போகிறது.

அந்த வருஷம்தான் தேயிலை விலை பாதாளத்துக்குப் போனது. பாண்டியன் வேலை பார்த்த கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. போனஸுக்குப் பதிலாக ஆளுக்கொரு மூட்டை தேயிலைத் தூள் கொடுத்தார்கள். ஆனாலும் கவ்வாத்துக்காரர்கள், அதாவது தேயிலைச் செடியை வெட்டி மட்டம் செய்கிறவர்கள், தங்கள் வழக்கத்தை விடவில்லை. கவ்வாத்து பாதி முடிந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை ஜீப் எடுத்து, எல்லை தாண்டி, கேரளத்துக் கள்ளுக்கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார்கள். ஒரு கடையில் தென்னங்கள், இன்னொன்றில் பனங்கள்; கடைக்குக் கடை ருசி வேறு. இந்தத் தடவை தூளைக் கொடுத்துக் கள் வாங்குவதென்று பேச்சு.

வழக்கத்தில் ஒரு விதி உண்டு. ஒருவன் மட்டும் குடிக்கக் கூடாது. அவனுக்குப் பெயர் சாவிக்காரன். ஜீப்பை ஓட்டுவதும், மற்றவர்களின் வீட்டுச் சாவி, கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் பையில் வைத்துக் காப்பதும் அவன் பொறுப்பு.

“பாண்டியண்ணன்தான் நிறுத்திட்டாருங்களே, அவரை விட்டா வேற யாரு?” என்றான் கூட்டத்தில் இளையவனான விஜயபாஸ்கர்.

எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாண்டியனும் மறுக்கவில்லை. மறுத்தால் பயந்துவிட்டான் என்பார்களே.

முதல் கடையில் அவன் உள்ளே போகவில்லை. ஜீப் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். இரண்டாவது கடையில் வளைவு வரைக்கும் நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

“வெள்ளக்காரன் காலத்துல ஊட்டிக்கிட்ட கேத்தியிலயே பீர் காய்ச்சுனாங்களாம்!” விஜயபாஸ்கரின் குரல். “அது இப்ப இருந்தா இவ்வளவு தூரம் முதுகொடிய வரணுங்களா?”

“அப்ப நீ வேலைக்கே வர மாட்ட, அங்கயே குடியிருப்ப.” இன்னொரு குரல்.

மூன்றாவது கடைக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பின் மேல்துணி ஒழுகியது. பாண்டியன் உள்ளே போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். புதிதாக இறக்கிய பனங்கள்ளின் வாசனை கடை முழுக்க நிறைந்திருந்தது. எதிரே செல்லையா. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், அறுபதை நெருங்குகிறவர். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் குடிப்பார். அதுவும் இந்தக் கடையில்தான். முந்தின இரண்டு கடைகளிலும் அவர் மீன்குழம்பு மட்டும் சாப்பிட்டார்.

“சாவிக்காரரே, ஒரே ஒரு வாய்ங்க. முருகன் மழைக்கு ஒதுங்கியிருப்பாரு, பாக்க மாட்டாரு.” விஜயபாஸ்கர் ஒரு கிளாஸை முன்னால் நகர்த்தினான்.

பாண்டியன் சிரிக்கத்தான் நினைத்தான். அதற்குள் கை போய்க் கிளாஸைப் பிடித்துவிட்டது. பிடித்த கையை எடுக்கத் தெரியவில்லை.

செல்லையா அதைப் பார்த்தார். தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துத் தரையில் துப்பினார்.

“புளிச்சுக் கெடக்கு. இத குடிச்சா வயித்தால போயிரும். எந்திரிங்க எல்லாரும்!”

“எந்தா சேட்டா, ராவிலே எறக்கியதாணு!” காலையில்தான் இறக்கிய கள் என்று மலையாளத்தில் கத்தினார் கடைக்காரர். செல்லையா காதில் வாங்கவில்லை. எழுந்த வேகத்தில் அவர் முழங்கை பட்டு பாண்டியன் பிடித்திருந்த கிளாஸ் கவிழ்ந்தது. கள் விஷயத்தில் செல்லையாவின் நாக்குக்கு மேல் கோர்ட்டு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மழையில் ஓடி ஜீப்பில் ஏறினார்கள்.

முன்சீட்டில் செல்லையா. பின்னால் பாட்டு தொடங்கிய பிறகு பாண்டியன் மெதுவாகச் சொன்னான்.

“அது புளிக்கலைங்கண்ணே.”

“தெரியும். ரோட்டப் பாத்து ஓட்டு, தம்பி.”

ஒரு வருஷம் காத்திருந்த ஒரு கிளாஸ். அதைத் தரையில் துப்புவதற்கு எவ்வளவு அன்பு வேண்டும்! பாண்டியன் வேகத்தைக் குறைத்தான். திரும்பிப் பார்த்தான். செல்லையா வலது மணிக்கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நன்றாக வீங்கியிருந்தது.

“என்னங்கண்ணே இது?”

“கத்தி புடிச்சுப் புடிச்சு வந்தது. ரெண்டு நாளா என் நெரைய வெட்டி முடிக்க முடியல, பாதிக் கூலிக்கு அரைப்பேர்தான் போட்டாங்க. நாளைக்கும் முடியாட்டி கவ்வாத்துக்கு வர வேணாம்னு கங்காணி சொல்லிட்டாரு.” சொல்லிவிட்டு வெளியே மழையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மலை முழுக்கப் பனிமூட்டம். பாண்டியன் கத்தியோடு செல்லையாவின் நிரைக்குள், அவருக்கு ஒதுக்கிய செடி வரிசைக்குள், குனிந்து நின்றான். பாண்டியனின் வெட்டு எப்போதும் தட்டையாக இருக்கும். செல்லையாவின் வெட்டு செடியின் நடுப்பக்கம் பார்த்துச் சாயும். கங்காணி கண்ணுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதே என்று ஒவ்வொரு கிளையையும் சாய்த்தே வெட்டினான். கவனமாக வெட்ட வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. பாதி நிரை முடிந்தபோது கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் யாரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மீதியைச் செல்லையாவே முடித்துவிடலாம். வெட்டிய கிளைகளைச் செடிகளின் அடியில் பரப்பினான். கத்தியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ரோட்டு வழியாக வராமல், ஓடைப் பக்கமாக இறங்கிப் போனான்.