எடை குறைந்த மாதம்

குடும்ப மரம் வரைகிறவன் ஒரு ஆளுக்குக் குறைந்தது இரண்டு காகிதமாவது பார்க்க வேண்டும். ஒன்று பொய் சொன்னாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அத்தையிடம், அதாவது அப்பாவின் அக்காவிடம், பிறப்புச் சான்றிதழோடு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சான்றிதழின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு தடுப்பூசி அட்டை. அதே தேதி, அதே பெயர். இந்த அட்டை ஓர் அழகான ஏற்பாடு. ஊசி போடப் போகும்போதெல்லாம் குழந்தையை எடை போட்டுக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகளை இணைக்கும் கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும். படுத்தால் கவலை, இறங்கினால் ஆபத்து. இதில் மூன்றே புள்ளிகள். முதல் இரண்டும் ஏறின. மூன்றாவது வெகு கீழே. அதற்கப்புறம் கட்டமெல்லாம் காலி.

"என்ன அத்தை, நோஞ்சானா இருந்தீங்களா? இப்பப் பாத்தா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

அத்தை சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அது நான் இல்லடா. எனக்கு முன்னாடி ஒருத்தி. உக்காரக்கூட ஆரம்பிக்கல, போயிட்டா. அடுத்தது நான், வீட்டுலயே பொறந்தேன். எங்கப்பா பதியப் போகல, சோம்பேறி. ஸ்கூல்ல சான்றிதழ் கேட்டாங்க. வீட்டுல ஒண்ணு சும்மாதானே கிடந்துச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. பிறப்புக்கு ஒரு பதிவேடு, இறப்புக்கு இன்னொன்று. இரண்டும் தாமாகப் பேசிக்கொள்வதில்லை, யாராவது போய்ச் சொல்ல வேண்டும். தாத்தா அதற்கும் போகவில்லை. காகிதத்தில் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போய், வேலையில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டது.

"அப்போ அவங்களுக்குப் பிறப்பு இருக்கு, இறப்பு இல்ல. உங்களுக்குப் பிறப்பே இல்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வருஷா வருஷம் அந்தத் தேதியில கேக் வெட்டுவேன்," என்றார் அத்தை. "அம்மா அன்னிக்குன்னு பாத்து துணி துவைக்க உக்காந்துடுவாங்க. நான் ஊட்டப் போனா, கை ஈரம்பாங்க. எங்கம்மாவுக்கு நான்னா இளப்பம்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லி வெச்சேன். சாகறதுக்கு முன்னாடிதான் விஷயத்தைச் சொன்னாங்க. அப்பவும் நான் வாயைத் திறக்கல, உங்கப்பன்கிட்டகூட. வேலை போயிடும்னு பயம். இப்ப வேலை இல்ல, பயம் மட்டும் அப்படியே இருக்கு."

"வேணாம்னா இதை மரத்துல போடல அத்தை."

"விட்டுட்டா, அவகிட்டேருந்து திரும்பவும் பிடுங்கின மாதிரி ஆயிடும்டா. எங்க போடுவே?"

காட்டினேன். தாத்தா பாட்டிக்குக் கீழே பிள்ளைகள், இடமிருந்து வலமாக, வயசு வரிசை. முதல் பெட்டியில் அத்தை இருந்தார். அவரை ஒரு இடம் நகர்த்தினேன்.

"பேரு?"

"என் பேருதான். அவ சட்டையை எனக்குப் போட்டு விட்ட மாதிரி."

இறந்த தேதி அவருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கடைசியாக உயிரோடு இருந்ததற்குச் சான்றுள்ள மாதத்தை எழுதி, 'அதற்குப் பின்' என்று சேர்ப்பது வழக்கம். மூன்றாவது புள்ளியின் மாதத்தை எழுதினேன்.

அத்தை அதை வாசித்தார். பிறகு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டார்.

"டேய், வேலையா இருக்கியா? சரி, உக்காந்துக்க. நமக்கு ஒரு அக்கா இருந்தா."

அப்பா ஏதோ கேட்டார்.

"நமக்குன்னுதான் சொன்னேன். எனக்கும் அக்கா. அவ பொறந்தநாளைத்தான் நான் கொண்டாடிக்கிட்டு இருந்தேன்."