ஓடைக்கு இரண்டு நிமிடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல. என் அறையில் மேல்கட்டிலில் படுப்பவனிடமிருந்து வாங்கியது. மண் தோண்டும் வண்டி ஓட்டுகிறான். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து ஓட்டுவதால் அவனுக்கு இங்கே கொக்கு என்று பெயர். ஊர் எங்களுக்கு ஒரு பகல் முழுக்க விமானத்தில் உட்கார வேண்டிய தூரம்.

ஆரம்பத்தை மூன்று முறை எழுதினேன். 'சலசலவென்று ஓடிய அந்த ஓடையின் கரையில்—'

வேண்டாம். அது சலசலத்ததை இந்தக் கதையில் ஒருவரும் கேட்கவில்லை. கதையே அதுதான்.

2

வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு கல்லூரி இணையத்தில் இலக்கிய வகுப்பு நடத்துகிறது. பாடம், 'கவிதையும் நிலமும்'. கொக்கு அதில் சேர்ந்தது கவிதைக்காக அல்ல. கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஓடை, அவன் வளர்ந்த வீட்டுச் சன்னலுக்குக் கீழேயும் ஓடியது. வீடு கைமாறிவிட்டது. சன்னலைத் திறந்து, "கேளுடா" என்று போனை வெளியே நீட்ட அங்கே இப்போது யாரும் இல்லை.

டீச்சர் ஒவ்வொரு வாரமும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவார். ஒரு கவிதை வாசிப்பார். "நான் பேசினது போதும். இப்போ ஓடை பேசட்டும், ரெண்டு நிமிஷம்" என்று வாயை மூடிக்கொள்வார். கேட்டதை எழுதி அனுப்புவது வீட்டுப்பாடம்.

பதினொரு மாணவர்களுக்கும் எதுவும் கேட்கவில்லை. மனிதக் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இரைச்சல் என்று வடிகட்டிவிடும் செயலி அது. (அதைச் செய்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டில் மிக்ஸி ஓடும்போது போன் பேசி அவதிப்பட்டவராக இருக்கலாம்.) ஆனாலும் பதினொரு பேரும் எழுதி அனுப்பினார்கள். ஒரு வங்கி ஊழியர் மௌனத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினார்.

3

(இந்த இடத்தில் டீச்சரைக் கோமாளியாக எழுதியிருந்தேன். கொக்கு வாசித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நீ அவங்கள பார்த்திருக்கியா?"

"இல்ல."

"செருப்ப கழட்டி வச்சிட்டு சேத்துல நின்னு பாடம் எடுப்பாங்கடா. இப்படி எழுதுனா இனிமே உனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பகுதியை அடித்துவிட்டேன்.)

4

ஆறாவது வாரம் அங்கே மழை. குடைமேல் தண்ணீர் கொட்டுவது திரையில் தெரிந்தது. சத்தம் இல்லை. கொக்கு மைக்கைத் திறந்தான்.

"டீச்சர், மழை கேக்கலியே."

"ஓடை கேக்குதுல்ல?"

"அதுவும் கேக்கல."

"எப்பலேர்ந்து?"

"மொத வாரத்துலேர்ந்தே."

வங்கி ஊழியர் தன் கேமராவை அணைத்தார்.

"ஏங்க சொல்லல?" என்றார் டீச்சர்.

"படிச்சவங்களுக்குத்தான் கேக்கும்போலன்னு நெனச்சேன் டீச்சர். போகப் போக நமக்கும் கேக்கும்னு உக்காந்திருந்தேன்."

டீச்சர் சிரிக்கப் பார்த்தார். அப்புறம் அவர் முகம்—

(இதை முடிக்க முடியவில்லை. கொக்கும் அந்த முகத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறான்.)

5

வடிகட்டியை எங்கே அணைப்பது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அதற்குள் ஓடையைக் குழாய்க்குள் விட்டு மேலே மூடுவதற்கு மண் தோண்டும் வண்டி வந்துவிட்டது. கல்லூரிக்குப் புதிய கணினிக்கூடம் வேண்டுமாம். ஏழாவது வகுப்பில்தான் முதல்முறையாக எல்லாம் கேட்டது. எல்லாம் என்றால், எஞ்சின் சத்தம்.

"மன்னிச்சிடுங்க. நாளைக்கு முழுசா மூடிடுவாங்க. இன்னிக்காவது கேக்க வச்சிடலாம்னு பார்த்தேன்," என்றார் டீச்சர்.

கொக்கு கொஞ்ச நேரம் அந்த எஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"டீச்சர், அந்த டிரைவர்கிட்ட போய் ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

"வேலை நேரமாச்சே, நிறுத்துவாரா?"

"தெரியல. பத்து வருஷமா ஓட்டுறேன், என்னை யாரும் கேட்டதில்ல. நேரா முன்னாடி போங்க, பக்கவாட்டுல வந்தா எங்களுக்குக் கண்ணு தெரியாது. கைய நல்லா தலைக்கு மேல தூக்குங்க."

டீச்சர் நடந்தார். படம் ஆடியது.

6

அன்று எனக்கு வேலை. நான் அறையில் இல்லை. அதனால் இரண்டு முடிவுகள் எழுதி அவனிடம் வாசித்தேன். ஒன்றில் டிரைவர் நிறுத்துகிறார், கொக்கு அழுகிறான்.

"நானாவது அழுறதாவது."

இன்னொன்றில் மேஸ்திரி வந்து டீச்சரை விரட்டுகிறார்.

"அதுவும் வேணாம்."

"அப்போ என்னதான்டா நடந்துச்சு?"

"உன் கதையில அந்த ஆளு இன்னும் முடிவு பண்ணலன்னு வச்சுக்கயேன்."

"ஏன்?"

"அதுவரைக்கும் ஓடை மூடாம இருக்கும்ல."

ஆகவே டீச்சர் வண்டிக்கு முன்னால் கையைத் தூக்கியபடி நிற்கிறார். டிரைவர் கூண்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார். கை சாவிமேல் இருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.