சுவர் தாண்டிய சாயம்

1974 சித்திரையில் காரைக்கால் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஷந்தால் ஒரு சிட்டம் நீல நூலை ஜாவேல் தண்ணீரில் முக்கினாள். துணி வெளுக்கிற மருந்துத் தண்ணீருக்குப் பிரெஞ்சுக் குடும்பங்களில் அதுதான் பெயர். நூலைவிட்டுக் கழன்ற நீலம் வாளியில் தங்கவில்லை, சாக்கடைக்கும் போகவில்லை. நடுச்சுவரைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்தில் அவளுடைய ஓரகத்தி அனெத் வளர்த்த வெள்ளைச் சேவலின்மேல் ஏறிக்கொண்டது. அன்றைக்குக் கானாங்கெளுத்தி விலை ஏறியிருந்ததால் சந்தைக்குப் போனவர்கள் அதைப் பேசிக்கொண்டே வந்தார்கள். சேவல் நீலமான சேதி தெருவுக்குத் தெரிய சாயந்தரம் ஆகிவிட்டது.

ஷந்தால் பாத்திரம் துடைக்கும் துணி பின்னுகிறவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் அதைத் தொர்ஷோன் என்பார்கள். மற்ற வீடுகளில் பழைய வேட்டியைக் கிழித்துக்கொள்வதால் அதற்குத் தனியாகப் பெயர் தேவைப்படவில்லை. கன்னிமாடத்துச் சகோதரிகளிடம் இரண்டு நீள ஊசியால் பருத்தி நூல் பின்னக் கற்றவர்கள் ஊரில் பலர் உண்டு. நூலை இடம்விட்டு இடம் வெளுத்துப் பின்னத் தெரிந்தவள் ஷந்தால் ஒருத்திதான். காஜா மைதீன் கடையில் சாயம் போட்ட சிட்டத்தை வாங்கிவந்து, அங்கங்கே வாழைநாரால் இறுக்கிக் கட்டி, ஜாவேல் தண்ணீரில் முக்கிவிட்டுக் கண்கொட்டாமல் நிற்பாள். சீக்கிரம் எடுத்தால் அழுக்கு மஞ்சளாக நிற்கும், தாமதித்தால் நூல் இற்றுப்போகும். அலசி நிழலில் உலர்த்திப் பின்னும்போது, வரிசைக்கு வரிசை வெள்ளை வெள்ளையின்மேலேயே வந்து உட்காரும். துணியில் தீநாக்கு எழும், அலை புரளும், மீன்செதில் விரியும். ஒரு கண்ணி கூடிப்போனாலும் எல்லாம் சாய்ந்து ஓடிவிடும். ஆண்டுதோறும் ஜூலை பதினாலு விழாவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுத்து முடித்ததும், பெண்களின் கைவேலை விற்பனை நடக்கும். முதல் மேசை ஷந்தாலுக்குத்தான். விடுமுறைக்கு வந்த சீமாட்டிகள் அவள் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வாங்கிப்போன யாரும் அதைக்கொண்டு ஒரு கரண்டியைக்கூடத் துடைத்ததாகத் தகவல் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்து ஷந்தாலுக்கு இருந்த வயிற்றெரிச்சலுக்குச் சேவல் காரணமில்லை, ஓலைதான் காரணம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார். அதுதான் ஓலை. ஷந்தாலின் புருஷன் ஆர்மான் பட்டாளத்திலிருந்து திரும்பியதும் அவருக்கு முதலில் பேசிய பெண் அனெத். ஒரு ஓலை வாசித்தும் ஆகிவிட்டது. இரண்டாவது ஞாயிறு வருவதற்குள், விருந்து யார் வீட்டில் என்று பெரியவர்கள் சண்டை போட்டுச் சம்பந்தம் முறிந்தது. அப்புறம் ஷந்தாலுக்கு மூன்று ஓலையும் ஒழுங்காக வாசித்துக் கல்யாணம் நடந்தது. சில வருஷத்தில் பெரியவர்களின் கோபம் ஆறிப்போய், அதே அனெத்தை ஆர்மானின் தம்பி ரோழேவுக்குக் கட்டிவைத்தார்கள். ரோழே துலோன் துறைமுகத்தில் வேலைக்குப் போனான், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தான். பொது வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. கிணறு மட்டும் சுவருக்கு அடியில் பாதிப் பாதியாக இரண்டு பக்கமும் நின்றது. மூன்று ஓலையில் ஒன்று அனெத்துக்காக வாசித்ததால் தன் புருஷனில் மூன்றில் ஒரு பங்கு சட்டப்படி அவளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஷந்தாலின் கணக்கு. ஊரில் யாரும் இப்படிக் கணக்குப் போட்டதில்லை, போட்ட கணக்கில் தப்பு காட்டவும் யாராலும் முடியவில்லை.

நீலச் சேவலைப் பார்க்க ஆர்மான் முக்காலி போட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். மறுநாளும் நீட்டினார்.

"சேவலத்தான் பாக்குறீங்களா?" என்று ஷந்தால் கேட்டாள்.

"ஒரு சேவலப் பாக்குறதுக்குக்கூட ஒன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் சிவப்பு நூலை வெளுத்தாள், அனெத் வீட்டுச் செம்பருத்தி கண் கூசுகிற மாதிரி பூத்தது. பச்சையை வெளுத்தாள், அனெத் வீட்டு ஜன்னல் கதவுகள் நேற்றுத்தான் பூசியதுபோல் மின்னின. போகிற சாயம் அசிங்கமாகவே போகட்டும் என்று காஜா மைதீனிடம் யாரும் வாங்காமல் கிடந்த சேற்றுப் பழுப்பைத் தேடி வாங்கிவந்து வெளுத்தாள். அது அனெத்தின் வீட்டுத் தரையில் படிந்து, புதுச் சிவப்புச் சிமெண்ட் தரையைவிட எடுப்பாகிவிட்டது. நெரவியில் அத்தை வீட்டுக்குப் போய் வாய்க்கால் கரையில் வெளுத்துப் பார்த்தாள். சாயம் சாயந்தர பஸ் வருகிற நேரத்துக்குக் காரைக்கால் வந்து சேர்ந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து அம்பலவாணன் என்ற ஓவர்சியர் வந்து கிணற்றை ஆராய்ந்து, தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டு, செம்பருத்தியில் ஒரு பதியன் கேட்டு வாங்கிப் போனார். எழுபத்தேழில் ஐப்பசிப் புயல் ஊர்ச் சுவர்களின் வண்ணத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போனபோதும் அனெத் வீடு மட்டும் பளிச்சென்று நின்றது.

இதில் ஷந்தாலால் பொறுக்க முடியாதது அனெத்தின் நன்றி. கிணற்றடியில் வாளி விடும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "அக்கா, எல்லாம் ஒங்க கைராசிதான். நல்லா இருப்பீங்கக்கா." அதில் கள்ளமே இல்லை. இருந்திருந்தால் ஷந்தால் இன்னும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆர்மான் வேறு, வாழ்நாளில் ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ளாதவர், வீட்டுக்குத் தேவையான தண்ணீரையெல்லாம் தாமே இறைக்க ஆரம்பித்தார். இறைத்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் தென்னைக்கு ஊற்றினார், தென்னை அழுகியது.

வெளுப்பதை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். எழுபத்தொன்பதில் நிறுத்தியும் பார்த்தாள். அந்த ஜூலையில் முதல் மேசையில் வேறொருத்தியின் குரோஷா விரிப்பு உட்கார்ந்தது. பின்ன நூல் இல்லாத அவளுடைய விரல்கள் பூசையிலும் சும்மா காற்றில் கண்ணி போட்டுக்கொண்டிருந்தன. அவ்வளவு இழந்தும் ஆர்மான் முக்காலியை விட்டு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக எதுவும் நிறம் ஏறாத அந்த வருஷம் முழுக்க அவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த தையில் மறுபடியும் வாளியை எடுத்தாள்.

எண்பத்து மூன்றில் தவக்காலத்தில் அனெத்தே வெளுத்துப்போக ஆரம்பித்தாள். கால் நகத்தில் தொடங்கி மேலே மேலே ஏறியது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து டானிக் அவள் உதட்டைத் தொட்டதும் பால்போல் ஆகிவிட்டது. குருத்தோலை ஞாயிறு வருவதற்குள், வெள்ளை விரிப்பில் அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்பதைக் கழுத்துத் தாலியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரோழேவுக்குத் தந்தி போயிற்று. லீவு கிடைக்கவில்லை என்று பதில் தந்தி வந்தது. நெடுங்காட்டிலிருந்து கீரை கொண்டுவருகிற லோகாம்பாள்தான் விஷயத்தை ஷந்தாலிடம் உடைத்துச் சொன்னாள்: "நாளன்னிக்குத் தாங்காதும்மா. பாக்கணும்னா போயிப் பாத்துடுங்க."

ஷந்தாலுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பதற்கில்லை, அன்று மத்தியானம் மீன்குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். கை கழுவும்போதுதான் பயம் வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு வயசாகும், பல் விழும், குழம்பு தீய்ந்துபோகும். செத்துப்போனவளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அனெத் போய்விட்டால் மூன்றில் ஒரு பங்கு முழுப் பங்காகிவிடும், ஆர்மான் சாகிறவரை அந்த முக்காலியில் ஏறி வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளைப் போகவிடக் கூடாது.

காஜா மைதீன் கடையில் இருந்த சிவப்பையும் ஆரஞ்சையும் அள்ளிவந்து வாளி வாளியாக வெளுத்தாள். சாயம் போயிற்று. போய்க் கொசுவலையில் ஏறியது, பீங்கான் தட்டுகளில் ஏறியது, ரோழே வாங்கிவந்த சுவர்க் கடிகாரத்தில் ஏறியது. அனெத் மட்டும் வெள்ளையாகவே கிடந்தாள். அப்போதுதான் ஷந்தால் யோசித்துப் பார்த்தாள். அந்தத் தட்டு, அந்தக் கடிகாரம், முன்பு அந்த ஜன்னல், அந்தச் செம்பருத்தி, தன் சேவலுக்கு முந்திக் கூவிய அந்தச் சேவல், எல்லாமே அவள் கண் வைத்த பொருள்கள். எதைப் பார்த்து வயிறு எரிந்ததோ அதில்தான் சாயம் போய் ஏறியிருந்தது. அனெத் என்ற மனுஷியைப் பார்த்து எரிய அவளுடைய கர்வம் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. இவளிடம் என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் தனக்குத் தானே சொல்லிவந்தாள்.

ஒரு சிட்டம் சிவப்பு நூலையும், மூடிபோட்ட வாளியையும் தூக்கிக்கொண்டு, சுவர் எழுந்த பிறகு முதல் தடவையாக அந்த வாசலில் ஏறினாள். கட்டில் ஓரமாக நின்று, பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று தேடினாள். முடி வெளுத்துவிட்டது. முகம் சுண்ணாம்புச் சுவராக இருந்தது. புருஷன் கடலுக்கு அப்பால், பிள்ளையும் இல்லை. இவளைப் பார்த்து எரிவது சாமானியப்பட்ட காரியமாகத் தெரியவில்லை. அந்த நேரம் பின்கட்டிலிருந்து ஆர்மான் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, துணியை நனைத்து, அனெத்தின் உதட்டை ஒற்றி எடுத்தார். அது இந்த வருஷ முதல் மேசைக்கென்று ஷந்தால் பின்னி, பெட்டியில் பூட்டிவைத்திருந்த தொர்ஷோன். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அழுவுறீங்களா?"

"ஜாவேல் நெடி. கண்ணு எரியுது."

"வாளி மூடியே இன்னும் தொறக்கல."

அவர் துணியை மறுபடி நனைத்தார். ஷந்தாலுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மாத்திரையைக் கதவருகே வைத்துவிட்டுச் சீட்டாடப் போன மனுஷன் இவர். அவளுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. கொழுந்துவிட்டு எரிந்தது. இந்த வெளுத்த உதடாகத் தான் இருக்கக்கூடாதா என்று இருந்தது. மூடியைத் திறந்து சிட்டத்தை முக்கினாள். சிவப்பு நேராகப் போய் அனெத்தின் உதட்டில் ஏறியது, கன்னத்துக்குப் பரவியது, கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கியது. அனெத் கண்ணைத் திறந்து, "பசிக்குதுக்கா," என்றாள். கஞ்சி வைக்க ஷந்தால்தான் அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வருஷம் ரோழே வந்து அவளைத் துலோனுக்கு அழைத்துப் போனான். மூன்று மாதத்தில் வெளுத்துப்போய்த் திரும்பினாள். காரைக்கால் பொறாமை கடல் தாண்டவில்லை என்று தெரிந்துகொண்டு, ரோழே அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தனியாகத் துறைமுக வேலைக்கே போய்விட்டான். ஏற்றிய சாயம் ஒரு மாதந்தான் தாங்கியது. அதனால் ஒவ்வொரு முதல் வெள்ளியும் பூசை முடிந்ததும், ஆர்மான் கட்டிலோரம் உட்கார்ந்து அனெத்துக்கு விசிறுவார், ஷந்தால் வாளியோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தெருக்காரர்கள் அதை ஊசி போடுவது மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மழைநாளில் குடை பிடிக்கவும் யாராவது வந்தார்கள். முழுக்க வெளுத்த நூலில் தீநாக்கும் அலையும் எழவில்லை. முதல் மேசை கைவிட்டுப் போயிற்று, வெள்ளைத் தொர்ஷோன்களைக் கன்னிமாடம் சமையலறைக்கு வாங்கிக்கொண்டது, அவை பாத்திரமும் துடைத்தன.

எண்பத்தெட்டு ஆவணியில், ஒரு முதல் வெள்ளியன்று, சிட்டத்தை முக்கியும் சிவப்பு நூலைவிட்டு அசையவில்லை. ஷந்தால் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், அங்கே எரிச்சல் இல்லை. ஐந்து வருஷம் மாதாமாதம் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, தலை வாரிவிட்டு, ரோழேவின் கடிதங்களை இருவருமாகப் படித்ததில் அது எப்போது அவிந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆர்மானுக்கும் வயசாகி, விசிறிக்கொண்டே தூங்கிவிழுந்தார். ஷந்தால் சிட்டத்தை மறுபடி முக்கி எடுத்தாள். "ஒண்ணுமே வரலியேடி அனெத்து," என்றாள். "என்னா பண்ணுவேன்?"

 அனெத் வெளுத்த கையை மெல்லத் தூக்கி, தூங்கிக்கொண்டிருந்த ஆர்மானின் நரைத்த மீசையை விரலால் நீவிவிட்டாள். "ஓல வாசிச்ச அன்னிக்கு, கோயில்ல இவங்க திரும்பித் திரும்பி என்னயத்தான் பாத்தாங்கக்கா," என்றாள்.

வாளியில் சிவப்பு லேசாக அசைந்து, நூலைவிட்டுக் கழலாமல் நின்றது. ஷந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைத் தட்டி எழுப்பினாள்.

"தூங்காதீங்க. இன்னும் கொஞ்சம் கிட்டப் போயி ஒக்காருங்க."